கூஸ்நெக் டிரெய்லரில் போன தாய்மாமன் சீர்

இடைசெவல்,
ஆவணி மாதம், வளர்பிறை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர்களையெல்லாம் ஒற்றைச் சொல்லால் நகர வைக்கிறவரும், அத்தான் சொல்லை மட்டும் எப்போதும் காதில் போட்டுக்கொள்ளாதவருமான என் மைத்துனர் திரு. சுடலைக்குமார் அவர்கள் சமூகத்துக்கு, உன் அத்தான் உக்கிரபாண்டி மிகுந்த மரியாதையோடும் அதைவிட மிகுந்த சந்தோஷத்தோடும் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். உன் அக்கா வள்ளித்தாய் சுகம், முழங்கால் மட்டும் மேகம் கறுத்தால் முணுமுணுக்கிறது. எருமைகள் இரண்டும் சுகம். மக்காச்சோளம் அறுக்கிற மெஷின் கொட்டகையில் சுகமாகத் தூங்குகிறது. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும்.

ஏன் போன் பேசாமல் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "அத்தான், லோடு வந்துட்டு, பெறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டுகிறாய். அதனால்தான் பதிவுத் தபாலில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற ஏற்பாட்டோடு அனுப்புகிறேன். கிடைக்கவில்லை, வாசிக்கவில்லை என்று நாளைக்கு நீ சொல்ல வழி இருக்கக் கூடாது. முடிந்தால் உன் ஆபீசில் எல்லோரையும் உட்கார வைத்து உரக்க வாசி.

நான் டிரெய்லர் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறதா? போனில் ஸ்பீக்கர் போட்டிருந்ததால் உன் அக்காவும் சேர்ந்து சிரித்தாள். "அத்தான், கழுத்து வளைஞ்ச வண்டியப் பத்தி ஒமக்கு என்ன தெரியும்? டன் கணக்குன்னா பருத்தி நிறுக்கதுன்னு நெனச்சீரா? மணியாச்சிப் பக்கம் ரயில்வே கேட் மேட்டுல ஏறும்போதே அது கழுத்து ஒடிஞ்சி உக்காரும், பாத்துக்கிடும்" என்றாய். மாப்பிள்ளை, அந்த டிரெய்லர் அந்தக் கேட்டைத் தாண்டிவிட்டது. வெறும் வண்டியாக இல்லை, நம் வம்சத்தையே சுமந்துகொண்டு தாண்டியது. எப்படித் தாண்டியது என்பதை ஆதியிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

என் தங்கச்சி பாண்டிச்செல்வி வாழ்க்கைப்பட்ட ஊர் அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம். அவள் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோனது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில். ஊருக்குள் நுழைகிற வேகத்தடையில் வண்டி ஒரு குதி குதித்து, கட்டியிருந்த கயிறு அறுந்து, பீரோவின் கதவு திறந்துகொண்டு, கண்ணாடி சம்பந்தி வீட்டு வாசலிலேயே தூள்தூளாகப் போனது உனக்குத் தெரியும். அள்ளிப் போட்டவர்களில் நீயும் ஒருவன். அன்று முதல் அவளுடைய மாமியார் பொன்மணிக்கு அது ஒரு தீராத பண்டம். தெருவில் எந்தக் குட்டியானை போனாலும், அதில் தக்காளிக்காரன் வந்தாலும் பழைய இரும்புக்காரன் வந்தாலும், "ஏட்டி செல்வி, ஒங்க அண்ணன் சீரு வந்துட்டு, ஓடி வா" என்று உள்ளே குரல் கொடுப்பாள். இப்படியே வருஷக் கணக்காக. போதாததற்குப் போன வருஷம் செல்வியின் ஓரகத்தி பிள்ளைக்குக் காதுகுத்து வந்து, அந்தத் தாய்மாமன் மூன்று லாரியில் சீர் இறக்கிவிட்டான். இப்போது செல்வியின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. தேதி வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீ ஒண்ணுமே கொண்டாராட்டாலும் சரி. வெத்தல பாக்க மடியில கட்டிக்கிட்டு நடந்து வா. குட்டியானையில மட்டும் வந்திராத" என்றாள்.

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் தங்கச்சி அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும், அதற்கு அந்தச் சீர் குலுங்காமல் கொள்ளாமல் ஒரே நடையாகப் போய் இறங்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

டிரெய்லர் எப்படியும் வாங்க வேண்டியதுதான். தை பிறந்தால் மக்காச்சோள அறுப்பு. மெஷினை ஊர் ஊராகக் கொண்டுபோக ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிக்காரன் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. அறுப்பு முடிந்து மழை விழுந்த பிறகு வண்டியை அனுப்பினால் யாருக்கு என்ன லாபம்? ஆகையால் சீருக்கும் ஆச்சு, அறுப்புக்கும் ஆச்சு என்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். முதல் பட்டறைக்காரரிடம் "எத்தனை டன் தாங்கும்?" என்று கேட்டேன். "நீங்க எத்தனை டன் ஏத்துவிய அண்ணாச்சி?" என்றார். ஒன்பது என்றேன். "அப்ப ஒம்பது டன் தாங்கும்" என்றார். பன்னிரண்டு ஏற்றினால் என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் "தாராளமா பன்னெண்டும் தாங்கும்" என்றார். இருபது என்று சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாவது பட்டறையில் வண்டி மணப்பெண் மாதிரி நின்றது. நான்கு பக்கமும் மயில், நடுவில் தாமரை, பின்னால் கழுகு. அடியில் குனிந்து பார்த்தால் அச்சில் பழைய வெல்டிங்கின் மேலே புதிய பெயின்ட் அடித்திருந்தார்கள். மயில் பாரம் தாங்காது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவதாகக் கோவில்பட்டியில் சுல்தான் பாய் பட்டறை. பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. தன் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நமக்கு ஊற்றின டீ ஆடை கட்டிவிடும். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "வண்டி பதினஞ்சு டன் வண்டி அண்ணாச்சி. ஆனா நீங்க ஏத்துதது பத்துக்கு மேல போகப்படாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஐந்து டன்னைக் கண் முன்னாலேயே விழுங்குகிறாரே என்று, "மிச்சம் அஞ்சு எங்க பாய் போச்சு?" என்று எழுந்துவிட்டேன்.

"அஞ்சு டன்னு இந்த வண்டியேதான் அண்ணாச்சி. அது தன்னையும் சேத்துத்தான சுமக்கணும்? கமிஷன் கடையில பருத்தி போடும்போது சாக்கு எடைய கழிக்காம விடுவாங்களா? அதுக்கு எம்புட்டுச் சண்டை போடுவிய! இங்கன மட்டும் சாக்கையும் பருத்தின்னு கணக்கு வைக்கச் சொல்லுதியளே" என்றார்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சாக்கு எடைக்காகக் கமிஷன் கடைக்காரர்களோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவன் நான். என்னிடமே இப்படிச் சொல்லிவிட்டார் பார். அப்புறம் அவர் சொன்னதெல்லாம் வரிசையாக ஏறிற்று. வண்டியில் பதித்திருக்கிற தகட்டில் அடித்திருப்பது வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்தக் கணக்கு. அதுவும் அச்சுக்கு ஒரு அளவு, டயருக்கு ஒரு அளவு, கழுத்துக்கு ஒரு அளவு, இழுக்கிற லாரிக்கு ஒரு அளவு என்று தனித்தனியாக உண்டு, அதில் எது குறைவோ அதுதான் நமக்குக் கணக்கு. கல்யாணத்தில் முந்நூறு பேருக்குச் சோறு வடித்திருந்தாலும் சாம்பார் நூறு பேருக்குத்தான் என்றால் பந்தி நூறு பேரோடு எழுந்துவிட வேண்டியதுதானே, அந்த மாதிரி. மெஷின் எட்டரை டன் என்று நான் சொன்னதும், "டீசல் டேங்க் நிறைஞ்சா என்னா? கரிசல்ல ஒரு சுத்து சுத்தி ஏறுனா டயருல அப்பின மண்ணு என்னா எடை?" என்று அதையும் கேட்டுவிட்டார். மழை விழுந்த கரிசலில் செருப்போடு நடந்தால் நம் காலையே தூக்க முடிவதில்லை. அதை எந்த மெஷின் புத்தகத்தில் எழுதியிருக்கிறான்?

கழுத்து விஷயமும் கேட்டுக்கொள், நீ சிரித்தது அதற்குத்தான். சாதாரண டிரெய்லரை லாரியின் வாலில் கொக்கி போட்டு இழுப்பான், கனமான சரக்கு ஏற்றினால் ரோட்டில் அது வாலை ஆட்டிக்கொண்டே வரும். இந்தக் கூஸ்நெக்கின் கழுத்து மேலே எழும்பி, வளைந்து, லாரியின் பின்சக்கரத்துக்கு நேர் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஆட்டம் கிடையாது. ஆனால் பாரத்தில் கால்வாசி கழுத்து வழியாக லாரியின் மேல் இறங்கும், மிச்சம் முக்கால்வாசி டிரெய்லரின் அச்சு மேல் நிற்க வேண்டும். "பாரம் எம்புட்டுங்கதும் முக்கியம், அது எங்க இருக்குங்கதும் முக்கியம் அண்ணாச்சி" என்று சுல்தான் பாய் ஐந்தாறு தடவை சொன்னார். நானும் ஐந்தாறு தடவை தலையை ஆட்டிவிட்டு, அந்த வண்டியையே வாங்கிவிட்டேன். என் பழைய லாரியின் பெட்டியைக் கழற்றிவிட்டு, கழுத்து உட்காருகிற சுழல்தட்டை அவரே பொருத்திக்கொடுத்து, ஓட்டிப் பழக்கிக் காட்ட டிரைவர் ஷேக் பரீதையும் கூட அனுப்பினார்.

காதுகுத்து அன்று காலையில் சீரை ஏற்றியதை நீ பார்த்திருக்க வேண்டும். பீரோ, கட்டில், பிரிட்ஜ், சைக்கிள், கம்பும் உளுந்தும் மூட்டை மூட்டையாக, வாழைத்தார்கள், தாம்பாளங்கள், கொம்பில் பூச்சுற்றிய கிடாய்கள். பீரோ கண்ணாடிக்கு உன் அக்கா தன் மெத்தையையே சுற்றிக் கட்டிவிட்டாள். எதை எங்கே வைப்பது என்று நானே நின்று சொன்னேன். முக்கால்வாசி அச்சுக்கு மேல், கால்வாசி கழுத்துப் பக்கம். பைபாஸ் எடைமேடையில் ஏற்றிக் காட்டினேன். அளவுக்கு வெகு கீழே! எடைமேடைக்காரர் கூட "நல்லா ஏத்தியிருக்கிய" என்றார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பின்னால் வேன்களில் வந்தார்கள். பூவாகப் போனது வண்டி. விலக்கு வரைக்கும் ஒரு தாம்பாளம் கூட இடம் மாறவில்லை.

வினை அந்த விலக்கில் காத்திருந்தது. ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற அந்த இடத்தில் மேளக்காரர்களை முன்னால் விடுவதற்காக வண்டியை நிறுத்தினோம். வேனில் வந்தவர்கள் வேனிலேயே ஊருக்குள் வருவது என்றுதான் பேச்சு. நம் ஆட்கள் என்றைக்குப் பேச்சுப்படி நடந்திருக்கிறார்கள்? சீர் முன்னால் ஊரே பார்க்கப் போகும்போது, பின்னால் வேனுக்குள் உட்கார்ந்து போனால் யார் பார்ப்பது? பெரியப்பா சோலைமுத்து முதலில் வேட்டியை மடித்துக் கட்டினார். "இது ஆள் ஏத்துத வண்டி இல்ல பெரியப்பா, சட்டப்படி தப்பு" என்று நான் குறுக்கே நின்றேன். "சீருக்கு என்னலே சட்டம்? தள்ளு" என்று என் தோளையே படியாக மிதித்து ஏறிவிட்டார். அவர் ஏறினதுதான் தாமதம், இரண்டு வேனும் காலி. சரி, ஊருக்குள் நடை வேகத்தில்தானே போகப் போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எடைக் கணக்குக்காக ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பெண்கள் அத்தனை பேரும் ஐம்பது கிலோ என்றார்கள். ஆண்கள் யாரும் சொல்லவே இல்லை, வாங்குகிற ஆள் மாதிரி கேட்கிறானே என்று கோபித்துக்கொண்டார்கள். நானாக ஒவ்வொருவர் மேலும் ஒரு சாக்கு எடையைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். அப்படியும் பத்து டன்னுக்குள் தாராளமாக நின்றது.

ஆனால் அவர்கள் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தாயா! டிரெய்லரின் தளம் தாழ்வு. கழுத்துப் பக்கம் மட்டும் ஆள் உயரத்துக்கு மேடை மாதிரி எழும்பி நிற்கும். மேடை என்று ஒன்று இருந்தால் அதில் யார் உட்காருவது? பெரியப்பா ஏறி நடுவில் உட்கார்ந்தார். பெரியப்பா உட்கார்ந்தால் சித்தப்பா கீழே உட்காருவாரா? சித்தப்பாக்களுக்குச் சமமாக மாமன்மார், மாமன்மாருக்குக் குறையாமல் மச்சான்மார், முறை பார்த்து, வயது பார்த்து, நம் வம்சத்துப் பெரிய தலைகள் அத்தனையும் அந்தக் கழுத்தின் மேல் ஏறிவிட்டன. கீழே அச்சுக்கு மேல் கிடாய்களும் இளவட்டங்களும்தான். ஷேக் பரீத் வண்டியை ஒரு முழம் நகர்த்திவிட்டு இறங்கி ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, லாரி பின்பக்க வில்லுப்பட்டை ஒரேயடியா அமுங்கிட்டு. டயரு மேல ஒரசுது. இப்படியே கேட் மேட்டுல ஏத்துனா நான் பொறுப்பில்ல" என்றான்.

உன் சிரிப்புச் சத்தம் தூத்துக்குடியிலிருந்து கேட்டது. "பெரியவங்கள்லாம் கொஞ்சம் கீழ எறங்கி நடுவுல உக்காருங்க" என்று கும்பிட்டேன். "என்னையவா எறங்கச் சொல்லுத?" என்றார் பெரியப்பா. "ஒங்க அப்பன் கல்யாணத்துக்கு மொத வண்டியில மொத ஆளா ஏறுனவன்லே நான். நான் எறங்குனா நேரே எங்க வீட்டுக்குத்தான் போவேன்." அவர் எழுந்தால் மற்றவர்கள் எழுவார்கள், அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். பாரம் மொத்தமும் சரி, இருக்கிற இடம் தப்பு என்பதை முறை பார்த்து உட்கார்ந்த மனிதர்களிடம் எப்படிச் சொல்ல? அந்த நேரம் பார்த்துச் செல்வி போன்.

"அண்ணே, மேளச் சத்தம் கேக்கு, வண்டியக் காணுமே. ஆரத்தித் தட்டோட எல்லாரும் நிக்காவ. எங்க அத்தை, பீரோ கதவு கழண்டிருக்கும்னு சொல்லிச் சிரிக்காவ" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. முதலில் காதோடு சொன்னது உன் அக்கா, ஆனால் ஊர் கேட்க உரக்கச் சொன்னது நான். "பெரியப்பா, தேர்ல சாமி எங்க உக்காந்திருக்கு? வடம் பிடிக்கித பக்கமா? சக்கரத்துக்கு நேர் மேலதான? முன்னால ஏறி நிக்கிறவன் தேரோட்டுதவன்லா! ஒங்கள நான் சாமி எடத்துல உக்கார வைக்க நெனச்சா, நீங்க தேரோட்டுதவன் எடத்துல போயி உக்காந்திருக்கியளே!" என்றேன்.

பெரியப்பா சக்கரங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லித் தான் செய்யவில்லை என்கிற மாதிரி மெல்ல இறங்கி, அச்சுக்கு நேர் மேலே பிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டார். அவ்வளவுதான், அந்த இடத்துக்கு அடிபிடி! கழுத்து மொத்தமும் காலியாகி, இப்போது ஷேக் பரீத் மறுபடியும் ஓடி வந்து, "அண்ணாச்சி, கழுத்துல பாரமே இல்ல, வண்டி வால ஆட்டும்" என்கிறான். பார்த்தால் பாண்டியம்மாள் அத்தை மட்டும் மேலே அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். "சாமியாவது பூதமாவது, எனக்கு இங்கன இருந்தாத்தான் வேடிக்க தெரியும்" என்றாள். வாகான உடம்பு அத்தைக்கு. அவளோடு நான்கு இளவட்டங்களையும் இரண்டு உளுந்து மூட்டைகளையும் மேலே ஏற்றியதும் லாரி பட்டை சரியாக நிமிர்ந்து நின்றது. கால்வாசி கழுத்தில், முக்கால்வாசி அச்சில். தகடு அடித்தவன் நேரில் வந்து உட்கார வைத்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாக வந்திருக்காது.

கேட் மேட்டில் நான் வண்டியில் இல்லை. பக்கத்தில் நடந்தே வந்தேன், டிரெய்லரின் வயிறு தண்டவாளத்தில் தட்டுகிறதா என்று குனிந்து பார்த்தபடி. லாரி ஏறி இறங்கியது. டிரெய்லரின் முன்பக்கம் மேட்டில் ஏறும்போது கழுத்துப் பக்கம் 'டக்'கென்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அத்தை பாக்குவெட்டியால் பாக்கை வெட்டி வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். வண்டி மறுபக்கம் இறங்கி நிற்கிறது. ஒரு கீறல் இல்லை, ஒரு முனகல் இல்லை. கேட்காரர் கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைதட்டினார். நீ ஒடியும் என்று சொன்ன கழுத்து, மாப்பிள்ளை, அதே கழுத்து!

ஊருக்குள் நாங்கள் நுழைந்ததை எழுத என் கைக்குப் பலமில்லை. அந்த வேகத்தடையிலும் ஏறித்தான் போனோம். மெத்தைக்குள் பீரோ கண்ணாடி மூச்சுவிடவில்லை. நடுவில் பெரியவர்கள் எல்லோரும் உற்சவ மூர்த்திகள் மாதிரி ஒரு பக்கம் கூடச் சாயாமல் உட்கார்ந்திருக்க, முன்னால் மேளம், தெரு முழுக்க ஜனம். பொன்மணி அம்மாள் வாசலை விட்டு இறங்கி வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். சக்கரங்களை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, "ஏட்டி செல்வி, ஒங்க அண்ணன் ஊரையே பேத்துக் கொண்டாந்துட்டாவளா? போன வருசம் வந்தது மூணு லாரின்னாலும் அது பிச்சிப் பிச்சி வந்துச்சு. இதுல்லா சீரு!" என்றாள். அவள் வாயிலிருந்து எனக்கு மரியாதை வந்து விழுந்தது அன்றுதான். செல்வி பீரோவைப் பார்க்கவில்லை, பிரிட்ஜைப் பார்க்கவில்லை. மாமியாரின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தினபோது அந்தக் குட்டி என் கட்டைவிரலைக் கடித்த கடியில் ரத்தம் வந்தது. அது கூட எனக்கு இனித்தது. மைக்கில் சீரை வாசித்தபோது விழுந்த கைதட்டல் மாதிரி அந்த ஊரில் இதற்கு முன் யாருக்கும் விழுந்ததில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

ஆகவே மைத்துனர் அவர்களே, இனிமேல் டிரெய்லர் விஷயமாக யாராவது உன்னிடம் சந்தேகம் கேட்டால் என் நம்பரைக் கொடு. தகட்டை எப்படிப் பார்ப்பது, சாக்கு எடையை எப்படிக் கழிப்பது, பெரியப்பாவை எங்கே உட்கார வைப்பது என்று எல்லாம் சொல்லித்தருகிறேன். உன் வீட்டில் நெல்லும் பிள்ளைகளும் குறைவில்லாமல் பெருக வேண்டும், உன் கன்டெய்னர்கள் எல்லாம் கவிழாமல் கரை சேர வேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொள்ளும்,

உன் அத்தான்,
உக்கிரபாண்டி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா வாசித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தையும் எழுதுங்கள் என்று பக்கத்திலேயே நிற்கிறாள். மைக்கில் சீர் வாசித்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? "தாய்மாமன் உக்கிரபாண்டி அவர்கள், பீரோ ஒன்று, கட்டில் ஒன்று, பிரிட்ஜ் ஒன்று" என்று வாசித்துக்கொண்டே வந்தவன் கடைசியில் "டிரெய்லர் ஒன்று" என்று வாசித்துவிட்டான். அந்தக் கைதட்டல் அதற்குத்தான். அடப்பாவி, அது சீர் இல்லை, சீர் வந்த வண்டி என்று சொல்ல எழுந்தேன். செல்வி கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பொன்மணி அம்மாள் அவள் தோளில் கை போட்டிருந்தாள். எழுந்தவன் சபையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பந்தி முடிந்து போய்ப் பார்த்தால் லாரியிலிருந்து கழுத்தைக் கழற்றி, டிரெய்லரை வேப்பமரத்தடியில் நிறுத்தி மாலை போட்டிருக்கிறார்கள். தங்கச்சி மாப்பிள்ளை முனீஸ்வரனிடம் மெல்லக் கேட்டேன். "என்ன மச்சான், எங்க ஊருல சீரு வந்த தாம்பாளத்தக் கூடத் திருப்பித் தாரது கெடையாதே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். பெட்டியில்லாத லாரியை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம், பெரியப்பா பஸ்ஸில் வந்தார்.

ஆகையால், உன் துறைமுகத்தில் யாராவது பழைய டிரெய்லர் விற்றால் உடனே சொல், தை பிறந்தால் அறுப்பு. தையிலேயே செல்வியின் சின்னவனுக்கும் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். அதற்கும் சீர் கொண்டுபோக வண்டி வேண்டும். முனீஸ்வரன் நேற்றுத்தான் போன் பண்ணினார். என்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் தர மாட்டாராம், எனக்கு என்பதால் அந்த டிரெய்லரை வாடகை குறைத்துத் தருகிறாராம். "ஆனா அளவுக்கு மேல ஏத்திராதீக மச்சான், வண்டி நம்மது, பாத்துக்கிடுங்க" என்றார்.